'சபாபதி' (1941): தமிழ் வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

செலாயாங்கில் எங்கள் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குச் சனிக்கிழமை கூடுதல் வகுப்பு நடத்துகிறோம். நாடகத்தையும் பாத்திரப் படைப்பையும் வெறும் குறிப்புகளாகவே படித்துப் படித்துப் பிள்ளைகள் சலித்துப் போயிருந்த நேரம். "அடுத்த வாரம் ஒரு பழைய படம் பார்ப்போம், பேரு சபாபதி" என்றேன். கடைசி வரிசையில் ஒருவன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், சந்தானம் படந்தானே? நான் பார்த்துட்டேன் சார்" என்றான். சந்தானம் நடித்தது 2021இல் வந்தது. நான் சொன்னது 1941இல் வந்தது. "ஐயோ, எண்பது வருசத்துக்கு முந்தியா! அதுல என்னா சார் சிரிப்பு இருக்கும்?" என்று வகுப்பே சத்தம் போட்டது.

அதைச் சமாளித்துவிடலாம். ஆனால், உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் சொன்னதைத்தான் என்னால் அவ்வளவு எளிதில் தாண்ட முடியவில்லை. "படம் நல்ல படந்தான் சார். ஆனா, அதுல தமிழ் வாத்தியாரைத்தானே போட்டுக் கேலி பண்றாங்க. தமிழ் எடுக்கிற பிள்ளைங்களே கொறைஞ்சுகிட்டு வருது. நாமளே போயி அதைக் காட்டணுமா?" என்று கேட்டார்.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயன்படுத்தலாம். தேர்வு எழுதும் மாணவர்கள், ஒரு படைப்பைத் திறனாய்வு செய்வது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

படமும் அதன் மூலமும்

'சபாபதி' 1941ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் வெளிவந்தது. தயாரித்தவர் ஏ.வி. மெய்யப்பன். பின்னாளில் ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்தால் நாம் அறிந்தவர். இயக்கத்தில் அவருடன் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இருந்தார். கதாநாயகன் சபாபதி முதலியாராக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம், வேலைக்காரியாக சி.டி. ராஜகாந்தம், தமிழ் வாத்தியாராக கே. சாரங்கபாணி ஆகியோர் நடித்தனர். கதாநாயகி ஆர். பத்மா. லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் வந்த அழகி என்று அந்நாளில் பேசப்பட்டவர்.

கதை பம்மல் சம்பந்த முதலியாருடையது. நாடக வரலாறு படிக்கும் மாணவர்கள் இவரைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கூத்தாடிகள் என்று இழிவாகப் பேசப்பட்ட மேடைக்குப் படித்தவர்களையும் உத்தியோகஸ்தர்களையும் கொண்டு வந்தார். பாட்டே பிரதானமாக இருந்த மேடையில் உரைநடை வசனத்துக்கு இடம் தேடிக் கொடுத்தார். 'மனோகரா'வை எழுதியவரும் இவரே. பாகம் பாகமாக இவர் எழுதிய பிரகசனம்தான் 'சபாபதி'. பிரகசனம் என்றால் சிரிப்பதற்காகவே எழுதப்படும் நாடகம்.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகள் பெரும்பாலும் புராணக் கதைகளும் பாட்டுகளுமாகவே ஓடின. பேசும் படம் என்று பெயர், ஆனால் பேச்சைவிடப் பாட்டுதான் அதிகம். மெய்யப்பனே 1935இல் 'அல்லி அர்ஜுனா' என்ற புராணப் படத்தோடுதான் இத்துறைக்கு வந்தார். அப்படிப்பட்ட சூழலில் தேவரும் இல்லை, அசுரரும் இல்லை, ஒரு வீடு, ஒரு வகுப்பறை, ஒரு அசட்டுப் பிள்ளை என்று ஒரு முழுநீளப் படம் வந்தது. பேச்சுதான் அதன் பலம். காது இல்லாவிட்டால் இந்தப் படத்தில் பாதிச் சிரிப்பு போய்விடும்.

அந்த டிசம்பர் மாதம்

காலப் பின்னணி என்ற தலைப்பில் நம் மாணவர்கள் ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். படம் வெளிவருவதற்கு ஆறு நாள் முன்பு, 1941 டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த சில நாள்களில் பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். சென்னையில் மக்கள் இரண்டு சபாபதிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வாரத்தில், மலாயாவில் நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்திலும் கம்பத்திலும் அடுத்த வேளை என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பழைய படம் என்றால் எங்கோ நடந்த கதை என்று நினைத்தவர்கள், நம் வீட்டுக் கதையின் தேதி அதில் இருப்பதைக் கண்டார்கள். ஒரு மாணவி, "அப்படின்னா எங்க கொள்ளுப்பாட்டிக்கு அப்போ பத்து வயசு சார்" என்றாள். காலப் பின்னணி என்பது மனப்பாடம் செய்யும் இரண்டு வரி இல்லை என்பது அவளுக்கு அன்று விளங்கியிருக்கும்.

கதைச் சுருக்கம்

பணக்கார முதலியார் வீட்டுச் செல்லப் பிள்ளை சபாபதி. நல்லவன், ஆனால் அசடு. படிப்பு ஏறவில்லை. அவனுடைய வேலைக்காரன் பெயரும் சபாபதிதான். அவன் எசமானைவிட ஒரு படி மேலான அசடு. சொல்லும் வேலையை ஒருநாளும் சொன்ன பொருளில் செய்ய மாட்டான். எசமானுக்குக் கலியாணம் ஆகிறது. வந்தவள் படித்தவள். கணவனை இகழாமல், உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து அவனை மனிதனாக்குகிறாள். இன்னொரு பக்கம், வேலைக்காரச் சபாபதிக்கும் வேலைக்காரிக்கும் இடையே சண்டையும் சிணுங்கலுமாக ஒரு காதல். கதைப்பின்னல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னச் சின்னக் காட்சிகளைக் கோத்த மாலை என்று சொல்லலாம்.

நால்வகை நகை

இனி, திறனாய்வுக்கு வருவோம். "படம் சிரிப்பாக இருந்தது" என்று எழுதினால் அது விமர்சனம் ஆகாது. எப்படிப்பட்ட சிரிப்பு, யாரைப் பார்த்துச் சிரிப்பு என்று கேட்க வேண்டும். அதற்கு வெளியே போய் அளவுகோல் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது ஒருவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஏன் எதற்கு என்று கேளாமல், பிடித்ததை விடாமல் நிற்பது.

இந்த நான்கையும் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

எசமான் சபாபதியிடம் இருப்பது இளமையும் பேதைமையும். டி.ஆர். ராமச்சந்திரன் அகல விழிக்கும் அந்தக் கண்களை வைத்தே பாதி நடிப்பை முடித்துவிடுகிறார். மனைவியின் முன் அவர் நிற்கும்போது, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த நம் ஒன்றாம் படிவப் பையன் ஞாபகம் வருகிறது. அவரிடம் கள்ளம் இல்லை. அதனால் நம் சிரிப்பிலும் விஷம் இல்லை.

வேலைக்காரச் சபாபதியிடம் இருப்பது மடன். காளி என். ரத்தினம் முகத்தில் கொஞ்சங்கூடச் சிரிப்பு இல்லாமல், தாம் செய்வதே சரி என்ற உறுதியோடு எல்லாவற்றையும் தப்பாகச் செய்கிறார். சொல்லின் நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு வழக்குப் பொருளைக் கோட்டை விடுவதுதான் இவர் பாத்திரத்தின் அடிப்படை. படத்தில் இல்லாத ஓர் உதாரணம் சொல்கிறேன். "கடையைக் கட்டிட்டு வா" என்று முதலாளி சொன்னால், இவர் கயிறு தேடிக்கொண்டு போவார். மரபுத்தொடர் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல துணைக்கருவி கிடைக்காது. மரபுத்தொடர் தெரியாதவன் எப்படி இருப்பான் என்பதற்கு இவரே சாட்சி.

இருவருக்கும் ஒரே பெயர் வைத்தது வெறும் குழப்பத்துக்காக அல்ல என்பது என் எண்ணம். ஒருவன் செல்வத்தில் பிறந்த அசடு, இன்னொருவன் வறுமையில் பிறந்த அசடு. எசமான் தடுமாறினால் வாத்தியார் உண்டு, பெற்றோர் உண்டு, படித்த மனைவி உண்டு. வேலைக்காரன் தடுமாறினால் திட்டுதான் உண்டு. ஒரே பெயரை இருவருக்கும் வைத்துவிட்டு, வாய்ப்பை மட்டும் ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாத்திர முரண் என்ற உத்திக்கு இதனை எழுதலாம். பம்மல் இதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, படம் பார்க்கும் நமக்கு அது தெரிகிறது.

காதல் எங்கே இருக்கிறது?

இதனைக் காதல் நகைச்சுவைப் படம் என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். மழையில் பாட்டு இல்லை, துரத்திப் போவது இல்லை. அதே காலத்து அமெரிக்கப் படங்களில் காதல் நகைச்சுவை என்றால், முன்பின் தெரியாத இருவர் சந்தித்து, சண்டை போட்டு, கடைசியில் சேர்வது. 1934இல் வந்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' அதற்கு நல்ல உதாரணம். 'சபாபதி'யில் கலியாணம் முதலில், காதல் பிறகு. கணவனுக்கு மனைவி சொல்லிக் கொடுக்கும் நேரம்தான் காதல் நேரம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அக்காலச் சமூகம் பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று பேசிய சமூகம். அதே காலத்தில் ஒரு படம், ஆண் அசடு, பெண் படித்தவள், அவளால்தான் அவன் உருப்பட்டான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டது. மேடைபோட்டுப் பிரசாரம் செய்திருந்தால் அடிதடி நடந்திருக்கும்.

ஆனால், குறையையும் சொல்ல வேண்டும். அவள் படிப்பு அவளுக்கு எதைக் கொடுத்தது? கணவனைத் தேற்றியதோடு அந்தப் படிப்பின் வேலை முடிந்துவிட்டது. அவள் ஆசை என்ன, அவள் என்ன ஆக நினைத்தாள் என்று படம் கேட்கவே இல்லை. எங்கள் மாணவிகளில் ஒருத்தி இதைத்தான் முதலில் கேட்டாள்: "அவங்க நல்லாப் படிச்சிருக்காங்க. அவங்க ஏன் சார் வேலைக்குப் போகல?" நான் பதில் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு வா என்றேன்.

தமிழ் வாத்தியார்

இப்போது எள்ளலுக்கு வருவோம். நால்வகை நகையில் நான்காவது யாருக்கு வாய்த்தது? நமக்குத்தான். சாரங்கபாணி நடித்த தமிழ் வாத்தியாரை மாணவர்கள் மதிப்பதில்லை. வகுப்பில் அவர் பேச்சு எடுபடுவதில்லை. உடை, நடை, குரல் எல்லாமே கேலிக்குரியதாக ஆக்கப்பட்டிருக்கிறது. படம் பார்க்கும்போது எனக்கே இரண்டு இடத்தில் முகம் சுருங்கியது.

ஆனால், இதை இட்டுக்கட்டிய கேலி என்று சொல்ல முடியுமா? ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துப் பள்ளிகளில் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவருக்கு ஒரு மரியாதை, தமிழ்ப் பண்டிதருக்கு ஒரு மரியாதை. சம்பளமும் குறைவு. மதிப்பும் குறைவு. உத்தியோகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே, மாணவர்களுக்குத் தமிழ் வகுப்பு ஓய்வு நேரமாக இருந்தது. படம் அதை உண்டாக்கவில்லை. இருந்ததைக் காட்டியது. கண்ணாடியில் முகம் கோணலாகத் தெரிந்தால் கண்ணாடியைக் கோபித்து என்ன பயன்?

இங்கே உரையாசிரியர் பேராசிரியர் கைகொடுக்கிறார். எள்ளல் இரண்டு வகைப்படும் என்கிறார் அவர். நாம் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை இகழும்போது நாம் சிரிப்பது மற்றொன்று. இரண்டாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். இகழ்ந்தவனுக்கு முன்னால் சிரிக்கிறவனுக்கு உள்ளே ஒரு திடம் வேண்டும். அந்தத் திடம் அந்த வாத்தியாருக்கு இல்லை. 1941இல் அதை அவருக்குக் கொடுக்க யாரும் இல்லை. நமக்கு?

நம் நிலையையும் ஒளிக்காமல் பேசுவோம். இடைநிலைப்பள்ளிகளில் பல இடங்களில் தமிழ் வகுப்பு இன்னும் பள்ளி நேரத்துக்கு வெளியேதான் நடக்கிறது. மற்ற பாடத்துக்கு வகுப்பறை உண்டு, நமக்குச் சில நாள் சிற்றுண்டிச்சாலை மேசை. "தமிழ் எடுத்தா என்னா சார் கெடைக்கும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோரும் கேட்கிறார்கள். சாரங்கபாணியின் வாத்தியாரைப் பார்த்து நம் முகம் சுருங்குவதற்குக் காரணம் அவர் அந்நியர் இல்லை என்பதுதான். அவர் நம் ஆள்.

அப்படியானால், படத்தைக் காட்டலாமா கூடாதா? காட்டிப் பார்த்தேன். வாத்தியார் வந்த காட்சிகளில் பிள்ளைகள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அதற்கப்புறம்தான் அவர்களும் தைரியமாகச் சிரித்தார்கள்.

படம் முடிந்ததும் ஒரு பையன் எழுந்தான். சோதனைத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் அடிவாங்கியவன். விடியற்காலையில் செலாயாங் மொத்தச் சந்தையில் அப்பாவோடு காய்கறி இறக்கிவிட்டு வகுப்புக்கு வருகிறவன். அதிகம் பேச மாட்டான். "சார், ஒரு டவுட்டு. அவன் ஃபெயிலானதுக்கு அவன் காரணமா, வாத்தியார் காரணமா? ஏன்னா, அவங்க ஒய்ஃபு சொல்லிக் கொடுத்ததும் அவனுக்கு வந்துருச்சே" என்றான்.

இருபது வருட ஆசிரியப் பணியில் என்னை இப்படி ஒரு கேள்வி நிறுத்தியதில்லை. நானும் என் தோழியும் வாத்தியாருக்கு மரியாதை கிடைத்ததா இல்லையா என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். மாணவன் வேறு இடத்தில் இருந்து பார்த்திருக்கிறான். அசடு என்று எல்லாரும் முத்திரை குத்திய ஒருவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி பொறுமையாக உட்கார்ந்தாள். அவனுக்குப் படிப்பு வந்தது. அதுவரை பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. படத்தின் கருப்பொருள் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தமிழ் வாத்தியார் கேலிக்கு ஆளானது தமிழ் சொல்லிக் கொடுத்ததால் அல்ல. கற்பித்தல் என்பது அந்த வகுப்பில் நடக்கவே இல்லை. அது வீட்டில் நடந்தது. மரியாதை போனதும் அங்கே, மரியாதை வந்ததும் இங்கே.

படத்தின் குறைகள்

ஒன்று, நாடகத் தன்மை. கேமரா பெரும்பாலும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ரசிகனைப் போல் அசையாமல் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு முதல் அரைமணி நேரம் பொறுமை வேண்டும்.

இரண்டு, காட்சிகள் தனித்தனியாக நிற்கின்றன. பிரகசனமாக எழுதியதைப் படமாக நீட்டியதன் அடையாளம் அது.

மூன்று, வேலைக்காரனைக் கடைசி வரை அசடாகவே விட்டது. எசமானுக்கு ஒரு வளர்ச்சி கொடுத்த கதை, அதே பெயர்கொண்ட இன்னொருவனுக்கு ஒரு வேலைக்காரியைக் காதலியாகக் கொடுத்ததோடு நின்றுவிட்டது. ராஜகாந்தமும் ரத்தினமும் தங்கள் நடிப்பால் அந்தக் குறையை மறக்க வைக்கிறார்கள். எழுத்தில் குறை இருக்கத்தான் செய்கிறது.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கு

முழுப் படத்தையும் ஒரே மூச்சில் போட வேண்டாம். இருபது நிமிடமாகப் பிரித்துக் காட்டி, நடுவே பேச விடுங்கள். கீழ்க்காணும் வினாக்கள் உதவலாம்.

1. எசமான், வேலைக்காரன் ஆகிய இருவரின் பாத்திரப் படைப்பை ஒப்பிடுக. ஒரே பெயர் வைத்த உத்தியின் பயன் யாது?
2. நால்வகை நகைக்கும் படத்திலிருந்து ஒவ்வொரு காட்சியைக் காட்டி விளக்குக.
3. மனைவியின் பாத்திரம் பெண்கல்விக்கு ஆதரவானதா? இரு பக்கமும் நின்று வாதிடுக.
4. வேலைக்காரச் சபாபதி படித்திருந்தால் கதை எப்படி மாறியிருக்கும்? ஒரு காட்சியை எழுதுக.

மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. விடை எழுதும்போது "இப்படத்தின் படிப்பினை யாதெனில்" என்று தொடங்கி அறிவுரையாகக் கொட்டிவிடாதீர்கள். முதலில் காட்சியைச் சொல்லுங்கள். அதில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அந்தச் சிரிப்பு நியாயமா என்று கடைசியில் கேளுங்கள். விமர்சனம் தானாக வந்துவிடும்.

என் தோழிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "காட்டலாம் டீச்சர். ஆனா நாமளும் கூட உட்கார்ந்து பார்க்கணும்." அவர் அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார். சந்தையிலிருந்து வருகிற அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படம் பார்க்க அல்ல. அவனுடைய கட்டுரை நோட்டைத் திருத்த.